புளியமரத்தில் தொங்கிய இரண்டு வழிகள்

என் தொழிலைப் பற்றி என் மனைவிக்கு ஒரே கருத்துதான். "உங்க பெட்டிக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுற அளவுக்குக்கூட நீங்க வீட்ல பேச மாட்டேங்கிறீக" என்பாள். கேபிள் டிவி போய் பைபர் வந்தது, என் தலைமுடி முக்கால்வாசி போனது, இந்தக் கருத்து மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

அவள் சொல்வது பொய்யில்லை. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒன்பது ஊர்களில் ஒன்பது கேபிள்காரர்கள் இருக்கிறோம். நான் அதில் ஒருவன். முன்பெல்லாம் டவுனிலிருந்து ஆளுக்கொரு கம்பி வரும். ரோட்டோரம் எங்காவது ஒரு பொக்லைன் குழி தோண்டினால் போதும், கம்பி போய்விடும், எங்கள் போன் ஓயாமல் அடிக்கும். திட்டு வாங்கி வாங்கிச் சலித்துப்போய் ஒரு நாள் சாத்தூரில் ஒரு டீக்கடையில் கூடினோம். எல்லா ஊரையும் ஒன்றோடொன்று பின்னிவிடுவது, ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு பக்கத்து ஊர்களுக்காவது கம்பி இழுப்பது என்று முடிவானது. நடுவில் ஒரு பெரிய பெட்டி வைத்து எல்லாக் கம்பியையும் அதில் சேர்த்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அந்தப் பெட்டி எந்த ஊரில் இருப்பது என்பதில் சண்டை வந்துவிட்டது. ஒன்பது பேருக்கும் தலைவராக ஆசை. தலைவரே இல்லாத நெட்வொர்க் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டானது அப்படித்தான். அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அந்த டீக்கடையில் நானும் இருந்தேன்.

அது வேலை செய்யும் விதத்தை என் மனைவிக்கு ஒரு முறை விளக்கினேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெட்டி. அது தன் பக்கத்துப் பெட்டிகளிடம் நொடிக்கு இரண்டு மூன்று தடவை "இருக்கியா?" என்று கேட்கும். பக்கத்துப் பெட்டி "இருக்கேன்" என்று சொல்லும். தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால் அந்த வழி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டு, வேறு பக்கமாகச் சுற்றிப் போகும். யாரிடமும் போய் அனுமதி கேட்காது. கம்பி அறுந்ததே வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவள் பருப்பு புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப இருக்கேன்னு சொல்றதுதான் அதுகளுக்குப் பொழப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அதையாவது கத்துக்கிடலாம்ல நீங்க? வெளிய போனா ஒரு போன் உண்டா?" என்றாள். அதோடு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

அவள் ஒரு பட்டாசு ஆலையில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற வேலை பார்க்கிறாள். நாங்கள் ஆலை என்று எழுதுவோமே தவிர வாயில் ஆபீஸ் என்றுதான் வரும். பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஒன்பது ஊர்க்காரர்களில் பாதிப் பேர் காலையில் வேன் ஏறுவது இந்த ஆபீஸ்களுக்குத்தான். கேட்டில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், செல்போனை மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு சின்னப் பொறிகூட உள்ளே போகக் கூடாது.

இதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வேறு ஊரில் இப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. பைபர் என்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை. அறுந்தால் அதை ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நுனிகளையும் எதிரெதிரே வைத்து, சின்னதாக ஒரு மின்பொறி அடித்து, உருக்கி ஒட்டிவிடும். பொறி அடிக்கிற மெஷினை ஆலைக்கு எப்படிக் கொண்டுபோவது? நான் முதல்முறை அந்தப் பையோடு என் மனைவியின் ஆலை கேட்டுக்குப் போனபோது அவளே சாப்பாட்டு வாளியோடு ஓடி வந்து வழிமறித்தாள். "அங்கனயே நில்லுங்க! பொறி அடிக்கிற சாமானத் தூக்கிட்டு எங்க கேட்டுக்கா வாறீக?" என்று போட்ட சத்தத்தில் வாட்ச்மேனே எழுந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஆலை எல்லைக்குள் ஒட்டு வேலை கிடையாது. கம்பியை ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக உள்ளே விடுவோம். ஒட்டுவது எல்லாம் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில்தான். அவள் ஆலைக்கு எதிரே ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து ஒட்டி, ஒட்டுப் பெட்டியை அதன் கிளையிலேயே கட்டித் தொங்கவிடுவேன். மெஷினைத் திறந்தால் கேட்டில் நிற்கிற பெண்கள் என்னைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பார்கள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்ப்பாள்.

ஆலை கேட்டுகளில் நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து சாதாரண போன் ஒன்று வைத்துக் கொடுத்திருந்தோம். எங்கள் கம்பியிலேயே பேசும். காசு கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் எங்காவது டமார் என்று ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்து அடிப்பார்கள். ஒருவருக்கும் லைன் கிடைக்காது. கிடைத்தாலும், உள்ளே இருப்பவரின் போன் கேட்டில் மரப்பெட்டிக்குள் கிடந்து அடிக்கும். அதனால் ஒரு ஏற்பாடு. சத்தம் கேட்டால் ஒவ்வொரு கேட்டிலிருந்தும் வாட்ச்மேனே ஊர்களுக்குக் கூப்பிட்டு, "இங்கன ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தைதான். அதைக் கேட்க ஊரே என் கடை வாசலுக்கு வந்துவிடும். எங்கள் ஊர் ஆட்கள் வேலை பார்க்கிற பதினான்கு கேட்டுகளின் பெயரையும் ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பேன். போன் வர வர, அந்தப் பெயருக்கு எதிரே சாக்பீஸால் ஒரு கோடு.

என் மனைவி வேலை பார்க்கிற ஆலைக்கு நான் தனி மரியாதை செய்திருந்தேன். மற்ற கேட்டுகளுக்கு ஒரு கம்பி என்றால் அவள் கேட்டுக்கு இரண்டு. ஒன்று வடக்கே எங்கள் ஊரிலிருந்து. இன்னொன்று தெற்கே அடுத்த ஊர்த் தம்பி ஒருவன் கண்மாய்க் கரை வழியாக இழுத்துக் கொடுத்தது. அவனும் எங்கள் ஒன்பது பேரில் ஒருவன். என்னை அண்ணாச்சி என்பான், அவளை மதினி என்பான். இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் போகாது, போக முடியாது என்று நான் அந்த ஒன்பது ஊரிலும் சொல்லித் திரிந்தேன். ஒன்று போனால் இன்னொன்று என்று கைவிரலை மடக்கி மடக்கிக் காட்டுவேன்.

புரட்டாசியில் ஒரு நாள். தீபாவளி சீசன், லோடு லாரிகள் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மேகம் கட்டி, மழை கொட்டி, இரண்டு இடி இடித்தது. எல்லாக் கேட்டையும் பச்சையாகக் காட்டுகிற என் கடைத் திரையில் அவள் கேட்டு மட்டும் சிவப்பாகிவிட்டது. இரண்டு வழியும் சிவப்பு. இது புதிதில்லை. இடி இடித்தால் வாட்ச்மேன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார், மேகம் போனதும் செருகுவார். சரி, பிடுங்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, கடையிலேயே பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

சத்தத்தில்தான் எழுந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மணி மூன்று இருக்கும். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

ஐந்து நிமிடத்தில் ஊர் கூடிவிட்டது. மாவு அரைத்த கையோடு வந்தவர்கள், ஆட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள். யாரும் அழவில்லை. எங்கள் ஊரில் பெயர் தெரியும் வரை அழ மாட்டார்கள். போன் அடித்தது. முதல் கேட்டு, "இங்கன ஒண்ணுமில்ல." கோடு போட்டேன். அடுத்தது. அதற்கடுத்தது. நெட்வொர்க் அன்று அருமையாக வேலை செய்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் வாசலில் சிலர் மூச்சு விட்டார்கள். சிலர் இருக்கன்குடி ஆத்தா கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, மற்றவர்களுக்காக நின்றார்கள்.

பதின்மூன்று கோடுகள் விழுந்த பிறகுதான் நான் பலகையை முழுதாகப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர் மிச்சம். பத்துக் கேட்டு பேசாமல் இருந்தால் பயம் பத்துக்கும் பிரிந்து போகும். பதின்மூன்று பேர் பேசிவிட்டு ஒன்று மட்டும் பேசாவிட்டால் அத்தனை பயமும் அந்த ஒன்றின் மேல்தான் வந்து உட்காரும். நாங்கள் இவ்வளவு நன்றாக ஒரு நெட்வொர்க்கைக் கட்டியிருக்க வேண்டாமோ என்று முதன்முதலாக அப்போது தோன்றியது.

தெற்கூர்த் தம்பி கூப்பிட்டான். "அண்ணாச்சி, நம்ம பக்கத்துக் கம்பியும் செத்துக் கெடக்கு. ரெண்டும் எப்பிடி ஒண்ணாப் போவும்?" என்றான். இரண்டும் ஒன்றாகப் போகாது என்று அவனிடம் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. கம்பிகள் போகவில்லை என்றால் போனது கேட்டுதான். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம் என்றால், வெயில் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று வாசலில் சொன்னார்கள். நான் தூங்கும்போது வாட்ச்மேன் செருகி, பெட்டி உயிர் பெற்று, அப்புறம் இந்தச் சத்தத்தில் போயிருந்தால்? எப்போது போனது, நடுவில் வந்ததா என்று பெட்டியைக் கேட்டால் நொடிக் கணக்காகச் சொல்லும். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பைக் சாவியை எடுத்தேன். அவள் ஆலையிலேயே மகளை வேலைக்கு விட்டிருந்த ஒரு அக்கா வாசலில் நின்றது. "நீங்க போயிட்டா போன யாருய்யா எடுப்பா?" என்று கேட்டது. சாவியை மேஜையில் போட்டேன். "ஏலே, நீ வண்டிய எடுத்துட்டு ஓடு" என்று தெற்கூர்த் தம்பியிடம் போனில் கத்தினேன். அவன் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தான். நான் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்று உட்கார்ந்த இடத்திலேயே இருக்கன்குடிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். காலையில் அவள் கிளம்பும்போது என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. அவள் "கதவச் சாத்திக்கிடுங்க" என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அதுதான் பேச்சு.

போன் அடித்தது. பக்கத்து ஆலையின் எண். அவர்கள் ஏற்கனவே பேசிக் கோடும் போட்டாகிவிட்டது. எதற்கு மறுபடியும் கூப்பிடுகிறார்கள் என்று எரிச்சலோடு எடுத்தேன்.

"இங்கன ஒண்ணுமில்ல" என்றது என் மனைவியின் குரல்.

ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினேன்.

"கேக்குதா? நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நம்மூராளுக ஒருத்தர் விடாம எண்ணிட்டேன். அது மலைப்பக்கம் குவாரில வச்ச வெடியாம். மத்தியானமே லோடு லாரி ஒங்க கம்பிய இழுத்துட்டுப் போயிருச்சு. புளியமரத்துக் கெளையோட ரோட்டுல கெடக்கு. கேக்குதாங்க?"

கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் பலகையில் கோடு போடப் போனேன். அதற்குள் அந்த அக்கா என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டது. அதன் பிறகுதான் வாசலில் இருந்தவர்கள் அழுதார்கள். நான் கடைக்குள் ஒயர் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாயந்தரம் அவள் வேனிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினாள். சத்தம் கேட்டதும் எல்லாரும் பின்பக்கக் கதவு வழியாக வெளியே ஓடியிருக்கிறார்கள். செருப்பும் செல்போனும் முன்பக்கக் கேட்டில். கேட்டு போன் செத்துக் கிடப்பது இவளுக்குத் தெரியும். அங்கிருந்து பக்கத்து ஆலைக்குக் குறுக்கு வழி சீமைக் கருவேலங்காடு. ஆட்களை எண்ணி முடித்துவிட்டு, தெற்கூர்த் தம்பி வந்து சேரும் முன்பே, வெறுங்காலோடு அந்த முள்ளுக்குள் நடந்து போய்க் கூப்பிட்டிருக்கிறாள். வாசலில் உட்கார வைத்து ஊக்கால் முள்ளை எடுத்தேன். ஒரு முள் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி அறுந்து கெடந்தத மத்தியானமே பாத்தேல்ல, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எனக்கு வழக்கம் போலக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்க டிவிலதான் எல்லாந் தெரியும்பீகளே! தெரிஞ்சு வந்திட்டிருப்பீகன்னு நெனச்சேன். வாட்ச்மேனும் அதத்தான் சொன்னாரு" என்றாள். மற்றக் காலை நீட்டிக்கொண்டே, "ரெண்டு வழி ரெண்டு வழின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீக. ரெண்டையும் ஒரே கெளையிலயா கொண்டாந்து தொங்கவிட்டீக?" என்று கேட்டாள்.

வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று என்று மைல் கணக்கில் தனித்தனியாக இழுத்து வந்தவன், பொறிக்குப் பயந்து இரண்டின் ஒட்டையும் அதே புளியமரத்து நிழலில்தான் போட்டிருந்தேன். மழையில் கிளை தாழ்ந்திருக்கிறது. கிப்ட் பாக்ஸை உயரமாக அடுக்கிய லாரி கிளையை முறித்தபோது இரண்டும் சேர்ந்து போய்விட்டன. நெட்வொர்க் படத்தில் இரண்டு கோடுதான் வரைந்திருந்தேன். மரத்தைப் படத்தில் யார் வரைவார்கள்? மற்ற எட்டுப் பேரும் போனில் என்னைக் கேலி செய்து சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அவரவர் ஊரில் மரத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். நான்கு பேர் அதே தப்பைச் செய்திருந்தார்கள்.

அடுத்த வாரம் இருக்கன்குடியில் மொட்டை போட்டுவிட்டு வந்தேன். அவள் என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருந்ததே நாலு முடி. இத நம்பி ஆத்தாகிட்ட நேர்ந்தீகளாக்கும்" என்றாள். சிரித்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, சந்தனத்தைக் குழைத்து அவளே தடவிவிட்டாள்.

தெற்குக் கம்பியை இப்போது பின்பக்கக் கதவு வழியாக மாற்றிவிட்டோம். அதற்கு வேறு மரம், பின்பக்கத்து வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பு. பின்பக்கக் கதவிலும் ஒரு போன். எங்கே வைப்பது என்று இடம் காட்டியது அவள்தான். ஆனாலும் படத்தை நம்புகிற ஆள் இல்லை நான், இனிமேல். மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டுக்குப் போன் போடுவேன். வாட்ச்மேன் அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு வழியைப் பிடுங்குவேன். அவள் குரல் இன்னொரு வழியாக வந்து சேர்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அதைச் செருகிவிட்டு இதைப் பிடுங்குவேன். மற்ற கேட்டுகளில் வாட்ச்மேன்களை ஒன்று இரண்டு எண்ணச் சொல்லித்தான் சோதிக்கிறேன். அவளிடம் எண்ணச் சொன்னால், "நான் என்ன ஒண்ணாப்புப் பிள்ளையா?" என்பாள்.

போன தடவையும் அப்படித்தான். "பேசிக்கிட்டே இரு" என்றேன்.

"என்னத்தப் பேச?" என்றாள். பிறகு பேசினாள். இன்றைக்கு வாளியில் கத்தரிக்காய்க் குழம்பு என்றாள். பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், மாப்பிள்ளை விருதுநகரில் பருப்பு மண்டியில் இருக்கிறானாம், ஆனால் பேச மாட்டானாம், உங்களை மாதிரி என்றாள். நான் வடக்கு வழியைப் பிடுங்கினேன்.

குரல் நின்றுவிட்டது.

பெட்டிகள் வேறு வழி தேட இரண்டு நொடியாகும். அது எனக்குத் தெரியும், நானே அமைத்து வைத்ததுதான். தெரிந்தும் ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு நொடி எனக்கு மூச்சு ஓடுவதில்லை.

"...கேக்குதாங்க? இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றேன். செருகினேன். தெற்கு வழியைப் பிடுங்கினேன். அதே இரண்டு நொடி. மறுபடி அவள் குரல். அதையும் செருகினேன். எல்லாம் பச்சை.

"முடிஞ்சுதா? வச்சிரவா?" என்று கேட்டாள்.

"இல்ல, இன்னும் முடியல" என்றேன். "கொஞ்சம் பேசு."